ஆமைக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள்

போன தை மாதம் ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். எதிர்வீட்டுப் பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். பத்தாவது படிக்கிறவன். "அங்கிள், ராஜா செத்துப்போச்சு போல இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றான். ராஜா அவர்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் வளரும் ஆமை.

போய்ப் பார்த்தேன். தொட்டிக்கு நடுவே போட்டிருந்த செங்கல் மேல் கிடந்தது. கழுத்து முழுக்க வெளியே வந்து செங்கல் விளிம்பில் தொங்கியது. பின்னங்கால் இரண்டும் விறைத்துப் பின்பக்கம் நீட்டியிருந்தன. விரல்கள் விரிந்து, இடையில் இருக்கும் சவ்வுகூடத் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. பார்த்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். நான் தொடவில்லை. அதன் மேல் நிழல் விழுகிற மாதிரி கையை மட்டும் நீட்டினேன். ஒரு கண் திறந்தது. அடுத்த நொடி தொபுக்கென்று தண்ணீருக்குள் போய்விட்டது. "அடப்பாவி, வெயில் காஞ்சுக்கிட்டா இருந்துச்சு!" என்று பையனின் அம்மா சிரித்துவிட்டார்.

அதே பையன் சித்திரையில் ஒரு மத்தியானம் என்னைத் தெருவில் பார்த்துப் பெருமையாகச் சொன்னான். "ராஜா இப்பல்லாம் செம ஆக்டிவ் அங்கிள். நிக்காம நீந்திக்கிட்டே இருக்கு. சுவரைப் புடிச்சு ஏறக்கூடப் பாக்குது." அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. மாடிக்குப் போய்த் தொட்டியில் கையை வைத்தால் குளிக்க விளாவிய வெந்நீர் போல இருந்தது. ஆமை விளையாடவில்லை, தப்பிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

செத்துப்போனது போலக் கிடந்த அன்று அது சுகமாக இருந்தது. உற்சாகமாக நீந்திய அன்று சாகக் கிடந்தது. ஆமை வளர்க்கிற வீடுகளில் இந்தக் குழப்பம் சகஜம். நாய், பூனையைப் பார்த்துப் பழகிய கண்ணால் ஆமையைப் பார்க்கிறோம். நாய் சுருண்டு படுத்தால் சுகமில்லை, ஓடியாடினால் சுகம் என்ற கணக்கு ஆமைக்குச் சரிவராது. அதன் கணக்கு வேறு. அதைத்தான் முதலிலிருந்து சொல்லப் போகிறேன்.

எந்த ஆமையைப் பற்றிப் பேசுகிறோம்?

வண்ண மீன் கடைகளில் பிஸ்கட் அளவில் பச்சைப் பசேலென்று விற்கிறார்களே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட குட்டி, அதுதான் சிவப்புக் காது ஆமை. கடைக்காரர்கள் 'ஸ்லைடர்' என்பார்கள். லேசாக அரவம் கேட்டாலும் கல்லில் இருந்து சறுக்கித் தண்ணீருக்குள் போய்விடும், அதனால் வந்த பெயர். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான். வீட்டில் கண்ணாடித் தொட்டி போதாமல் போய், முற்றத்திலோ மாடியிலோ தொட்டி கட்டி வெளியே விடப்படுவது பெரும்பாலும் இதுதான். பெண் ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், 20, 30 வருடம் வாழும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

நம்மூர்க் கட்டாமை என்ற நட்சத்திர ஆமையையோ, ஏரி குளத்தில் இருக்கும் பாலாமையையோ பிடித்து வந்து வளர்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பழமொழி சொன்ன ஊரில், இன்றைக்கு வாஸ்துவுக்கு நல்லது என்று ஆமை வாங்கி வைக்கிறார்கள். இரண்டிலுமே ஆமையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை!

'குளிர் இரத்தம்' என்றால் இரத்தம் குளிர்ந்திருக்கும் என்றல்ல

பள்ளிக்கூடத்தில் ஆமை 'குளிர் இரத்தப் பிராணி' என்று படித்திருப்போம். தப்பான எண்ணத்தை மனதில் பதிய வைக்கும் பெயர் இது. வெயிலில் காய்ந்து எழுந்த ஆமையின் இரத்தம் நல்ல சூடாகவே இருக்கும். சூட்டை அது தன் உடம்புக்குள் உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். இப்படிப்பட்டவற்றை வெளிவெப்ப உயிரி என்பார்கள்.

தோசை மாவை நினைத்துப் பாருங்கள். ராத்திரி அரைத்து வைத்த மாவு சித்திரையில் விடிவதற்குள் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும். அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. மார்கழியில் காலை பத்து மணிக்குத் திறந்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாவு கெட்டுவிட்டதா? இல்லை. அதற்குள் நடக்கிற வேலைக்குச் சூடு போதவில்லை. ஆமையின் வயிறும் அப்படித்தான். செரிமானம், தசையின் வேகம், நோயை எதிர்க்கிற சக்தி எல்லாமே உடம்புச் சூட்டுக்கு ஏற்ப வேகமாகவும் மெதுவாகவும் நடக்கும். சூடு இல்லாதபோது சாப்பிட்டால் தின்றது செரிக்காமல் வயிற்றுக்குள் கெட்டுப்போகும். குளிர்ந்த நாளில் ஆமை தீவனத்தைத் தொடாமல் இருப்பது இதனால்தான். அதற்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

மாவுக்கும் ஆமைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மாவு வைத்த இடத்திலேயே இருக்கும். ஆமை நடக்கும். சூடு போதாவிட்டால் வெயிலுக்கு வரும், மிஞ்சினால் தண்ணீருக்குள் போகும், தண்ணீரும் சுட்டால் நிழல் தேடும். வெளியில் வளரும் ஆமை நாள் முழுக்கச் செய்கிற காரியத்தில் முக்கால்வாசி இந்தச் சூட்டுப் பேரம்தான். நமக்கு விசித்திரமாகப் படுகிற பலவும் இந்தப் பேரத்தில் ஒரு கட்டம்.

இந்த ஆமைக்குத் தோதான உடம்புச் சூடு ஏறக்குறைய 25-லிருந்து 30 டிகிரி செல்சியஸ். 20-க்குக் கீழே பசி குறையத் தொடங்கும். 10-ஐ ஒட்டிப் போனால் சாப்பாடு அநேகமாக நின்றே போகும். மேல்பக்கம் 40-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆமை திடீரென்று விநோதமாக நடந்தால் இந்த எண்களில் அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மீன் கடையில் கிடைக்கிற சின்ன வெப்பமானி போதும். அதுவும் இல்லையா, சமையலறைத் தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிட்ட காலை நேரத்தில் ஆமை மந்தமாக இருந்தால் அதில் அதிசயம் இல்லை.

காலை நீட்டிச் 'செத்தது போல' கிடப்பது

வெயில் காய்வது ஆமைக்குப் பொழுதுபோக்கு அல்ல, அடுப்பு மூட்டுகிற மாதிரி. கழுத்தையும் கால்களையும் நீட்டி, விரலை விரித்து, சவ்வையும் வெயிலுக்குக் காட்டுவது அதிகச் சூடு பிடிக்கத்தான். ஈர வேட்டியைச் சுருட்டிப் போட்டால் காயுமா, விரித்துப் போட்டால் காயுமா? அதே தந்திரம்.

இதில் சூட்டைத் தவிர இன்னொரு காரியமும் நடக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு பங்கு தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். இந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. 'எங்க வீட்ல ஜன்னல் ஓரமா வெயில் படுற இடத்துலதான் வெச்சிருக்கோம்' என்று சொல்பவர்களின் ஆமைக்கு ஓடு அழுத்தினால் அமுங்குகிற அளவுக்கு மெத்தென்று ஆவது இதனால்தான். வெளியில் வளர்ப்பதில் இருக்கும் பெரிய லாபமே நேர் வெயில். காக்கைக்குப் பயந்து தொட்டிக்கு மேல் கண்ணாடி போட்டு மூடினால் அந்த லாபம் போச்சு. கம்பி வலை போடுங்கள்.

கவலைப்பட வேண்டியது இதற்கு நேர் எதிரான நடத்தைக்கு. தினமும் கல்லேறி வந்த ஆமை திடீரென்று ஏறுவதையே விட்டுவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். என் வீட்டில் ஒரு முறை நான்கு நாள் இப்படி நடந்தது. ஆமைக்குக் காய்ச்சல் என்று நினைத்து என்னென்னவோ செய்தேன். ஐந்தாம் நாள் காலை காபி டம்ளரோடு ஜன்னலோரம் நின்றபோது புரிந்தது. ஆமை மூக்கை மட்டும் வெளியே நீட்டுகிறது, மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்று சரேலென்று இறங்குகிறது. ஓட்டின் விளிம்பில் இரண்டு கொத்துத் தழும்பு இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். வலை கட்டினேன். இரண்டாம் நாள் கல்லில் ஏறிவிட்டது. குட்டியாக இருந்தால் அந்தக் காக்கை தூக்கிக்கொண்டே போயிருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், ஆமை சூட்டை வெளியில் தேடி வாங்குகிற உயிர். அசையாமல் வெயிலில் கிடப்பது நல்ல அறிகுறி. வெயிலுக்கே வராமல் போவதுதான் கவனிக்க வேண்டியது.

ஓயாமல் நீந்துவது, சுவரைப் பிறாண்டுவது

டம்ளரில் ஊற்றிய காபி நிமிஷத்தில் ஆறிவிடும், அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் மணிக்கணக்கில் சூடாக நிற்கும். கொஞ்சமான தண்ணீர் சீக்கிரம் குளிரும், சீக்கிரம் சுடும். மாடியில் வைத்த அரையடித் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் தொட்டி அந்த டம்ளர். கீழே நல்ல ஆழத்தோடு நிழலில் கட்டிய சிமெண்டுத் தொட்டி அண்டா.

அக்னி நட்சத்திரத்தில் அன்றைக்கு ராஜாவின் தொட்டித் தண்ணீர் 38 டிகிரி காட்டியது. மேலே செங்கல் அதைவிடச் சூடு. ஆமைக்கு ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. நாய்க்கு வெயில் தாளாவிட்டால் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும், நமக்கு வியர்க்கும். ஆமைக்கு அந்த மாதிரி தன்னைக் குளிரவைக்கும் வசதி மிகக் குறைவு. அதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இடம் மாறுவது. இடமே இல்லாதபோது சுவரோரமாக நிற்காமல் நீந்தும், மூலையில் நின்று நகத்தால் பிறாண்டும், ஏறி விழும். இதைத்தான் 'செம ஆக்டிவ்' என்கிறோம். இன்னும் முற்றினால் வாயில் நுரை தள்ளும், பிறகு துவண்டுவிடும்.

ஆமையை அந்த நிலையில் பார்த்தால் ஐஸ் தண்ணீரை மேலே கொட்டாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் விட்டு, மெதுவாகச் சூடு இறங்க விடுங்கள். மாடிச் சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வரும் தண்ணீர் அந்த நேரத்தில் தொட்டித் தண்ணீரைவிடச் சூடாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். நான் அன்றைக்குச் சமையலறைக் குடத்துத் தண்ணீரைத்தான் எடுத்துப் போனேன். அதற்குப் பிறகு பாதித் தொட்டிக்குத் தென்னங்கீற்று போட்டு நிழல் செய்து கொடுத்தோம். வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும், எது எப்போது என்பதை ஆமை முடிவு செய்துகொள்ளட்டும்.

சூடு சரியாக இருந்தும் பிறாண்டுகிறதா? தொட்டி சின்னது, புது இடம், தண்ணீர் நாறுகிறது, அல்லது பெண் ஆமைக்கு முட்டை. கடைசிக் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

'தூங்குது, விட்டுடுங்க' என்கிற ஆபத்தான அறிவுரை

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

ஆமை குளிர்காலத்தில் மாதக் கணக்கில் தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யூடியூபில் பார்த்திருப்பார்கள். பொய்யில்லை, ஆனால் அந்த வீடியோ எடுத்த ஊர் வேறு. மிசிசிப்பிப் படுகையின் வடபகுதியில் குளிர்காலத்தில் குளத்தின் மேல்பரப்பு உறையும். அப்போது இந்த ஆமைகள் குளத்தடிச் சேற்றில் கிடந்து, வெளியே வந்து மூச்சு வாங்காமல், தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனைப் பெரும்பாலும் தோல் வழியாக உறிஞ்சிக் காலம் தள்ளும். இதைக் குளிர்முடக்கம் என்று வைத்துக்கொள்வோம். கரடி தூங்குகிற மாதிரியான தூக்கம் அல்ல இது. அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைக்கிற மாதிரி. தண்ணீர் 10 டிகிரியையும்விடக் குளிர்ந்திருப்பதால் உடம்பின் வேலைகள் எல்லாம் அடங்கி, ஆக்சிஜன் தேவையும் மிகக் குறைந்துவிடுகிறது. தோல் வழியாக வருகிற சொற்பமே போதுமானதாக ஆவது இதனால்தான்.

சரி, சென்னைக்கு வாருங்கள். மார்கழி, தை ராத்திரிகளில் இங்கே காற்று 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். தொட்டித் தண்ணீர் அதைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். பகலில் மறுபடி ஏறிவிடும். இந்தச் சூட்டில் ஆமையின் உடம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். அது முடங்கிக் கிடப்பதற்கு வேண்டிய குளிர் இங்கே இல்லை. மதுரை, திருச்சி, திருநெல்வேலியிலும் இதே கதைதான். ஊட்டி, கொடைக்கானலில் வெளியில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நிஜமான குளிர்முடக்கம் ஒரு கேள்வியாக வரும்.

ஆகவே சமவெளி ஊர்களில் தை மாதம் ஆமை கொஞ்சம் மந்தமாகலாம், தினமும் தின்றது இரண்டு நாளுக்கு ஒரு முறை தின்னலாம், நல்ல வெயில் வரும் வரை காத்திருந்து வெளியே வரலாம். வளர்ந்த ஆமை சில நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு வாரமாக ஒன்றும் தின்னவில்லை, கண் திறக்கவில்லை, தூக்கினால் காலை உள்ளே இழுக்கத் தெம்பில்லை என்றால் அது தூக்கம் இல்லை, நோய். 'வின்டர்ல தூங்கும்க்கா, மாசிக்கு எழுந்திரிச்சிடும்' என்று சொன்னதை நம்பி விட்டுவைத்த ஆமைகளை நான் பார்த்திருக்கிறேன். மாசிக்கு அவை எழுந்திருக்கவில்லை.

நம்மூர் பாலாமைக்கும் ஒரு முடக்கம் உண்டு, ஆனால் குளிருக்கு அல்ல. கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு ஆமையும் தன் ஊர்ப் பஞ்சாங்கத்தைத்தான் உடம்பில் வைத்திருக்கிறது. ஸ்லைடரின் பஞ்சாங்கத்தைச் சென்னைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சுருக்கமாக, நீண்ட முடக்கத்துக்கு நல்ல குளிர் வேண்டும். நம் சமவெளி ஊர்களில் வாரக்கணக்கில் தூங்குகிற ஆமை தூங்கவில்லை.

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது

அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் பார்த்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

காரணம் புரிய ஆமையின் உள்ளமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். ஓடு என்பது நத்தைக்கு இருப்பது போல் உடம்பு குடியிருக்கும் வீடு அல்ல. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்துதான் மேலோடு. அதனால் நம் மாதிரி நெஞ்சு விரிந்து மூச்சு வாங்க முடியாது. கால்களைச் சுற்றியும் வயிற்றுப் பக்கமும் இருக்கும் தசைகளை அசைத்து, உள்ளுறுப்புகளைத் தள்ளி இழுத்து மூச்சு விடுகிறது. நுரையீரல் இரண்டும் மேலோட்டுக்கு நேர் கீழே, முதுகுப் பக்கம், இடமும் வலமுமாக இருக்கின்றன.

கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் இரண்டு காலி டின்னைக் கட்டி இறக்கிவிடுவார்களே, அந்த மாதிரிதான் இந்த நுரையீரல்கள். இரண்டிலும் காற்று சமமாக இருந்தால் மட்டமாக மிதக்கலாம். ஒரு டின்னுக்குள் தண்ணீர் புகுந்தால் அந்தப் பக்கம் தாழும். நிமோனியா என்கிற நுரையீரல் அழற்சியில் ஒரு பக்கம் சளி கட்டும்போது ஆமை அந்தப் பக்கம் சாய்ந்து மிதக்கும். முக்கி உள்ளே போக முயன்று முடியாமல் மேலே வந்துவிடும். கூடவே மூக்கில் குமிழி விடுவது, வாயைப் பிளந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவது, விசில் மாதிரி சத்தம் ஆகியவை சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். எப்போதோ ஒரு தடவை கொட்டாவி விடுவதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

வயிற்றில் வாயு கட்டினாலும் சாய்ந்து மிதக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எக்ஸ்ரே வேண்டியிருக்கும். வீட்டில் நாம் செய்யக்கூடியது, தண்ணீரைக் கழுத்தளவுக்குக் குறைத்து மூழ்காமல் பார்த்துக்கொள்வது, கதகதப்பான இடத்தில் வைப்பது, ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைத் தேடிப் போவது. கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் ஆமை பழக்கம் இருக்காது, முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மனிதருக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

சின்னச் சின்ன சந்தேகங்கள்

கண் இமை வீங்கி மூடிக்கொண்டால் பெரும்பாலும் சாப்பாட்டுக் கோளாறு. காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து இப்படி ஆகும். நல்ல ஆமைத் தீவனம், கீரை, கேரட் துருவல், வேலம்பாசி என்று மாற்றிக் கொடுங்கள். பறவைக் கூண்டில் மாட்டுவார்களே கணவாய் ஓடு, அதில் ஒரு துண்டைத் தொட்டியில் போட்டால் சுண்ணாம்புச் சத்துக்குக் கொறித்துக்கொள்ளும். வீக்கம் குறையாவிட்டால் மருத்துவர்.

ஓட்டின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய தகடு உரிந்து வருவது வளர்ச்சி. உரிந்த இடம் பளபளவென்று இருக்கும். நாற்றம், குழி, மெத்தென்ற இடம், சிவந்த திட்டு இருந்தால் அது அழுகல். பல் துலக்கும் பிரஷால் ஓட்டைத் தேய்த்துத் தகட்டைப் பிய்க்கிறவர்கள் உண்டு. ஓட்டுக்கும் உணர்ச்சி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

முன்னங்கால் இரண்டையும் இன்னோர் ஆமையின் முகத்துக்கு நேரே நீட்டி நகத்தைப் படபடவென்று ஆட்டினால் வலிப்பு என்று பயப்பட வேண்டாம். ஆண் ஆமை பெண்ணை மயக்கும் வழி இது. நீளமான முன் நகமும் தடித்த வாலும் ஆணுக்கு அடையாளம். குட்டிகளும் சில சமயம் ஒன்றையொன்று பார்த்து இப்படி ஆட்டும்.

முதல் மழைக்கு ஆமை காணாமல் போவது ஐப்பசியில் வருடா வருடம் கேட்கிற புலம்பல். மாயமில்லை. மழையில் தொட்டி நிரம்பி விளிம்பு வரை தண்ணீர் வந்தால் அது நீந்தியே வெளியே போய்விடும். தொட்டியின் மேல்பக்கம் ஓர் ஓட்டை போட்டு வழிந்தோட விடுங்கள். தேடுகிறவர்கள் செடி மறைவிலும் காய்ந்த இலைக் குவியலுக்கு அடியிலும் தேடுங்கள்.

'இவ்வளவு பாடா' என்று அலுத்துப்போய் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசம். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம்மூர் ஆமைகளின் தீவனத்தையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் திருச்சூர் அருகே பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆமைகளைக் குளத்தில் விடாமல் தங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள் என்று மக்களைக் கேட்கிற நிலை வந்தது. இன்னொன்று, ஆமையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா என்ற கிருமியைச் சுகமான ஆமையும் சுமக்கும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-ல் தடை போட்டதே குழந்தைகளுக்கு இந்தக் கிருமி தொற்றியதால்தான்.

மண்ணைத் தேடி அலைவது

எல்லாம் சரியாக இருக்கிறது. தண்ணீர் 28 டிகிரி. கண் தெளிவு, மூக்கு சுத்தம், மட்டமாக மிதக்கிறது. ஆனாலும் தின்ன மாட்டேன் என்கிறது, ராத்திரி பகல் பாராமல் சுவரைப் பிறாண்டுகிறது, வெளியே விட்டால் தோட்டத்து மூலை மூலையாக நடந்து மண்ணை முகர்ந்து பார்க்கிறது, பின்னங்காலால் ஒரு குழி தோண்டிப் பாதியில் விட்டுவிட்டு வேறிடம் போகிறது. பெண் ஆமையாக இருந்தால் முட்டையிட இடம் பார்க்கிறது.

'எங்க வீட்ல ஒத்த ஆமைதானே, எப்படி முட்டை வரும்?' என்று கேட்பார்கள். ஆண் துணையே இல்லாமல் வளரும் கோழி முட்டையிடவில்லையா? அப்படித்தான். குஞ்சு பொரிக்காது, ஆனால் முட்டை முட்டைதான். அதை இடுவதற்குப் பின்னங்காலால் தோண்டக்கூடிய ஈரமண் வேண்டும். கால்கள் மாறி மாறி உள்ளே இறங்கி, உள்ளங்கை மாதிரி குவிந்து மண்ணை அள்ளி ஓரத்தில் வைக்கும். மண் கெட்டியாக இருந்தால் தன் நீரை விட்டு நனைத்துக்கொள்ளும். கடைசி வரை திரும்பிப் பார்க்காது. எல்லாம் கால் தடவித் தெரிந்துகொள்வதுதான்.

மாடித் தொட்டியில் மண்ணுக்கு எங்கே போகும்? சில ஆமைகள் வேறு வழியில்லாமல் தண்ணீரிலேயே முட்டையைப் போட்டுவிடும். சில அடக்கிக்கொண்டே இருக்கும். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலை, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அதனால் வளர்ந்த பெண் ஆமை இருக்கும் வீட்டில், அதன் ஓட்டின் நீளத்தைவிட ஆழமாக ஈரமண் நிரப்பிய ஓர் இடம், நடந்து ஏறிப் போகிற வசதியோடு, எப்போதும் இருக்கட்டும்.

போன ஆவணியில் எதிர்வீட்டு அம்மா மதிலுக்கு மேலே எட்டிக் கூப்பிட்டார். "அண்ணா, இந்த ராஜாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. மூணு நாளா தின்னல. மாடி பூரா அலையுது. நேத்து என் செம்பருத்தித் தொட்டிய ஒரு வழி பண்ணிடுச்சு." பையன் பக்கத்தில் நோட்டோடு நின்றான். சித்திரைக்குப் பிறகு அவனே தினமும் காலையும் மாலையும் தண்ணீரின் சூடு, தின்றதா இல்லையா, வெயில் காய்ந்ததா என்று எழுதி வைக்க ஆரம்பித்திருந்தான். மூன்று நாள் வரிசையிலும் 28, 29, 28. "சூடு சரியாத்தான் இருக்கு அங்கிள்" என்றான்.

அந்தச் செம்பருத்தி இருந்தது வாய் அகன்ற பெரிய சிமெண்டுத் தொட்டி. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பலகை வழியாக ஏறியிருக்கிறது. ஒரு மூலையில் மண் புதிதாகத் தட்டி மெழுகிய மாதிரி இருந்தது. பையன் விரலால் மெதுவாகக் கிளறினான். வெள்ளையாக, நீள்வாக்கில், புளியங்கொட்டையை நாலைந்து மடங்கு பெரிதாக்கிய மாதிரி ஏழு முட்டைகள்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இவ்வளவு நாளா இது ராணியா?" என்றார்.

பெயரை இன்னும் மாற்றவில்லை. ராஜா அன்று சாயங்காலமே இரண்டு கேரட் துண்டும் ஒரு பிடித் தீவனமும் தின்றது என்று நோட்டில் எழுதியிருக்கிறது.